இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துச் சிறுவர் இல்லம்: போய்ப் பார்த்ததில்

வெளிநாட்டுச் சபை ஒன்றின் உதவியோடு நடக்கும் இந்தக் கிறிஸ்தவ இல்லத்துக்கு, அம்மாவின் நினைவு நாளில் பகல் சாப்பாடு கொடுக்கப் போனோம். சிறுவர் உதவி எண் 1929 பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டியிருக்கிறது, அதைப் பார்த்ததுமே நம்பிக்கை வந்தது. ஒவ்வொரு ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டியிலும் அந்தந்தப் பிள்ளையின் பெயரைச் சிவப்பு நூலால் தைத்திருக்கிறார்கள்.

எல்லாரும் அநாதைகள் இல்லை. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட, லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வந்தவர்களும் உண்டு, ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போனில் பேச அவர்கள் காலையிலேயே தலைவாரிக் காத்திருக்கிறார்கள்.

படுக்கை அறையில் குளிருக்குக் கம்பளி போதாது. சிஸ்டரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார். போகிறவர்கள் பழைய துணி வேண்டாம், கம்பளியும் பள்ளிச் சப்பாத்தும் கொண்டுபோங்கள். அப்புறம், பிள்ளைகளைப் படம் எடுக்க விடமாட்டார்கள், அது சரிதான்.