யாழ்ப்பாணமா, கொழும்பா, சென்னையா: பெரியம்மாவின் நாரியை எங்கே காட்டுவது?

கிளிநொச்சியில் ஒருவருக்கு ஒப்பரேஷன் தேவைப்படலாம் என்று கதை வந்தாலே, பார்க்க வருகிற சனம் எல்லாம் "இந்தியாவுக்குக் கொண்டு போங்கோ" என்றுதான் சொல்லும். பெரியம்மாவின் நாரி (இடுப்பு) வலிக்கும் அதையே சொன்னார்கள். மூன்று இடத்திலும் காட்டிவிட்டு இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏ9 வீதியில் பஸ் ஏறினால் போதும். காசு கட்டத் தேவையில்லை. கிளினிக் கொப்பியோடு திரும்பத் திரும்பப் போய்க் காட்டலாம், இதன் அருமை பிறகுதான் விளங்கும். ஆனால் வடக்கு முழுவதும் அங்கேதான் போகிறது, அவசரமில்லாத வருத்தத்துக்குக் காத்திருக்கத்தான் வேணும். 2022 பொருளாதார நெருக்கடியோடு டொக்டர்மார் பலர் நாட்டை விட்டுப் போனது வேறு.

கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரியில் காத்திருப்பு குறைவு. இராப் பஸ், லொட்ஜ், பில் எல்லாம் சமாளிக்கலாம், மொழிதான் பிரச்சினை. டொக்டர் ஆங்கிலத்தில் நெடுநேரம் சொன்னதை நான் இரண்டு வசனத்தில் சொன்னேன். "அவர் அவ்வளவு கதைச்சவர், நீ என்னத்தை ஒளிக்கிறாய்?" என்று பெரியம்மா கேட்டார். ஒளிக்கவில்லை, எனக்கு விளங்கினது அவ்வளவுதான்.

சென்னைக்குச் சனம் போவதற்கு முதல் காரணம் இந்த மொழிதான், அங்கே டொக்டரோடு தமிழில் கதைக்கலாம் என்று நினைக்கிறேன். அதோடு அதே கிழமையில் ஸ்கான், 2019இல் யாழ்ப்பாணத்தின் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பிறகு கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை போகிற அலைச்சலும் இல்லை. ஆனால் மெடிக்கல் விசா எடுக்க வேணும், துணைக்கு ஒருவர், அறை வாடகை, சாப்பாடு, அதுவும் ஒரு இந்திய ரூபாய்க்கு எங்களுடைய மூன்று ரூபாய்க்கு மேல் கொடுத்து. கனடாவில் இருந்து அண்ணா அனுப்பியிராவிட்டால் முடிந்திராது.

தமிழ் என்றாலும் வன்னித் தமிழ் அங்கே இல்லை. எம்.ஆர்.ஐ அறை வாசலில் பெரியம்மா "செல் பீஸ் இருக்கு" என்றார். "செல்லை வெளியில வச்சிட்டு வாங்கம்மா" என்று அங்கே வேலை செய்கிற பிள்ளை கைபேசியை நினைத்துச் சொன்னது. பெரியம்மா சட்டென்று என் கையைப் பிடித்துத் தன் தொடையில் வைத்தார், தோலுக்குக் கீழே நெல்மணி அளவில் 2009 போரில் பாய்ந்த ஷெல் துண்டின் இரும்பு. நான் விளக்கிச் சொன்ன பிறகு, முதலில் எக்ஸ்ரே எடுத்து எங்கெங்கே எத்தனை இருக்கிறது என்று பார்த்தார்கள். காந்தம் உள்ளே கிடக்கிற இரும்பை இழுக்கக்கூடும். தயவு செய்து, எங்கே ஸ்கானுக்குப் போனாலும் கேட்காமலே இதைச் சொல்லுங்கள், "குண்டுச் சிதறல், இரும்புத் துண்டு" என்று.

கடைசியில் சென்னை டொக்டரும் யாழ்ப்பாணத்தில் சொன்னதையே சொன்னார்: இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை, பயிற்சி செய்யுங்கள். ஆனால் படத்தைக் காட்டி, எந்த எலும்பு எந்த நரம்பை நெரிக்கிறது என்று அரை மணித்தியாலம் பெரியம்மாவுக்கே சொன்னார். இவ்வளவு காசும் அந்த அரை மணித்தியாலத்துக்குத்தான் போனது, அதற்காக நான் கவலைப்படவில்லை.

ஆனால் புற்றுநோய் என்றால் நான் முதலில் தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ இருக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொல்லுவேன். மாதக்கணக்கில் இழுபடுகிற வைத்தியத்துக்கு ஒவ்வொரு தடவையும் கடல் தாண்ட ஏலாது. கண்புரைக்கு இந்தியா தேவையே இல்லை. ஒரே தடவையில் முடிகிற ஒப்பரேஷனும் கையில் காசும் இருந்தால் சென்னையோ வேலூரோ சரி, அதுவும் கிளினிக் டொக்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து அவரிடம்தான் காட்ட வேணும். பெரியம்மா இப்போது செவ்வாய்தோறும் பயிற்சிக்குப் போகிறார், கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு.