87 சில்வியாவின் பக்கத்தில்: நாசாவின் சிறுகோள் தரவுத்தளம் குறித்து ஒரு மதிப்பாய்வு

சிறுகோள்களைப் பற்றிய எண்களைத் தேடுவோர் பெரும்பாலும் வந்து சேரும் இடம், நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் இணையத்தில் நடத்திவரும் சிறுகோள், வால்மீன் தரவுத்தளம். கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. பெயரையோ எண்ணையோ இட்டால் அந்தப் பொருளுக்குரிய பக்கம் திறக்கிறது. இச்சேவையை எடைபோட, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையின் வெளிப்புறத்தில் சுற்றும் 87 சில்வியாவைத் தேர்ந்தெடுத்தேன். பெரியதாக இருந்தும் தன்மீது படும் ஒளியில் நூற்றுக்கு நான்கைந்து பங்கையே திருப்பி அனுப்பும், கரியைப் போல் கறுத்த பொருள் அது. இத்தகைய இருண்ட பொருள்களில்தான் ஒரு தரவுத்தளத்தின் வலிமையும் வரம்பும் சேர்ந்தே வெளிப்படும்.

சுற்றுப்பாதை பற்றிய பகுதியில் குறை சொல்ல ஏதுமில்லை. சூரியனிலிருந்து சராசரியாக 3.48 வானியல் அலகு தொலைவு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு), ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஆறரை ஆண்டு, பூமியின் பாதைத் தளத்துக்குச் சுமார் 11 பாகைச் சாய்வு என ஒவ்வொன்றும் அதனதன் பிழை வரம்புடன் தரப்பட்டுள்ளது. கண்டுபிடிப்பு விவரமும் அதே பக்கத்தில் இருக்கிறது: 1866 மே 16, போக்சன், மதராஸ். வானியலில் இன்றும் புழங்கும் ஒளியளவு முறைக்கு, அதாவது ஐந்து படி வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாடு என்ற வரையறைக்கு, 1856-இல் வழிவகுத்த நார்மன் போக்சன்தான் இவர். பக்கத்தில் தேதியும் பெயரும் இடமும் மட்டுமே உள்ளன. கதை தேடி வருவோருக்கு ஏமாற்றம்தான்.

கவனித்துப் படிக்க வேண்டிய இடம் இயற்பியல் பண்புகளின் அட்டவணை. விட்டம் என்று அங்கே ஒற்றை எண் நிற்கும்போது, யாரோ நேரில் அளந்து குறித்ததைப் போன்ற உறுதி படிப்பவர் மனத்தில் எழுவது இயல்பு. ஆனால் பெரும்பாலான சிறுகோள்களின் விட்டம், அவற்றின் ஒளியளவையும், படும் ஒளியில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகின்றன என்ற எதிரொளிதிறனையும் சேர்த்துக் கணித்துப் பெறப்படுவது. சில்வியாவின் தனி ஒளியளவு, அதாவது சூரியனிலிருந்தும் நம்மிடமிருந்தும் ஒரு வானியல் அலகு தொலைவில் வைத்துக் கணித்த ஒளியளவு, 7-ஐ ஒட்டியது. எதிரொளிதிறனை 0.04 என்று கொண்டால் விட்டம் ஏறத்தாழ 265 கிலோமீட்டர் வருகிறது, 0.05 என்று கொண்டால் 237-க்கு இறங்கிவிடுகிறது. அதே ஒளியளவு கொண்ட பொருள், பட்டையின் உட்பகுதியில் மிகுதியாக உள்ள வெளிர் பாறையாக, 0.25 எதிரொளிதிறனுடன் இருந்திருந்தால், நூறு கிலோமீட்டரைச் சற்றே தாண்டியிருக்கும். இரண்டாம் தசம இடத்தில் நேரும் சிறு மாற்றம்கூட இருண்ட பொருளின் அளவை இந்த அளவுக்கு அசைத்துவிடுகிறது. சில்வியாவுக்கு அகச்சிவப்பு அளவீடு, விண்மீன் மறைப்பு (சிறுகோள் ஒரு விண்மீனை மறைத்துச் செல்லும் நேரத்தை அளப்பது), பெரிய தொலைநோக்கிப் படங்கள் என வெவ்வேறு வழிகளில் கிடைத்த மதிப்புகள் 250 முதல் 290 கிலோமீட்டர் வரை பரவிக் கிடக்கின்றன. அது உருண்டையாக இல்லாமல் நீண்டிருப்பதும் இதற்கு ஒரு காரணம். தரவுத்தளம் இதை மறைக்கவில்லை: மதிப்புக்கு அருகிலேயே பிழை வரம்பும் எடுத்தாண்ட ஆய்வின் குறிப்பும் உள்ளன. அட்டவணையின் அந்த இரண்டு நெடுவரிசைகளையும் பார்க்காமல் முதல் எண்ணை மட்டும் நகலெடுப்பதால்தான் கட்டுரைக்குக் கட்டுரை சில்வியாவின் அளவு மாறுகிறது என்று நினைக்கிறேன்.

பாதையைச் சுழற்றிப் பார்க்க உதவும் வரைபடம் அழகாக இருக்கிறது. அதற்குமேல் அதில் எதிர்பார்க்க வேண்டாம். சிறுகோள் வானில் எங்கே இருக்கும் என்று தேடுவோர் இதே ஆய்வகத்தின் ஹொரைசன்ஸ் சேவைக்குத்தான் செல்ல வேண்டும். கோள்களின் ஈர்ப்பு விசையையும் கணக்கில் கொண்டு, நாம் கேட்கும் நாளுக்கும் இடத்துக்கும் இருப்பிட அட்டவணை தயாரித்துத் தருவது அது. முதல் முறை நுழைபவருக்கு அது கடுமையாகவே தோன்றும். உதாரணமாக, வெறும் 4 என்று இட்டால் செவ்வாயும் அதன் துணைக்கோள்களும் சேர்ந்த மண்டலத்தின் பொருண்மை மையம் என்று பொருள். அதனுடன் ஓர் அரைப்புள்ளி சேர்த்தால்தான் நான்காம் சிறுகோளான வெஸ்டா. விடை வெறும் எழுத்து வரிசையாக வருகிறது. நாமாக மாற்றாவிட்டால் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். சூரியனிலிருந்து உள்ள கோணத்தை அடுத்து T என்ற எழுத்து இருந்தால் பொருள் மாலை வானில் உள்ளது, L இருந்தால் விடியல் வானில் உள்ளது. இந்த ஓரெழுத்துக் குறிப்பு வீண் இரவுகளை மிச்சப்படுத்தும்.

சில்வியா எதிர்நிலைக்கு, அதாவது வானில் சூரியனுக்கு நேர் எதிரே, வரும்போதும் அதன் தோற்ற ஒளியளவு 12-ஐ ஒட்டியே இருக்கும் (எண் கூடக்கூட மங்கல்) என்பதால், 150 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் அது ஒரு மங்கிய விண்மீனாகவே தெரியும். 2001-இலும் 2004-இலும் பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களிலிருந்து வெளிப்பட்ட ரோமுலஸ், ரீமஸ் என்ற அதன் இரு துணைக்கோள்கள் நமக்கு எட்டாதவை. எனவே பக்கத்து விண்மீன்களிலிருந்து அதைப் பிரித்தறிய இரவுக்கிரவு அதன் நகர்வைப் பார்ப்பது ஒன்றே வழி; அதற்குத் துல்லியமான அட்டவணை தேவை. சுற்றுப்பாதையை வரையறுக்கும் எண்களான பாதைக்கூறுகளைப் புதுப்பிக்காமல் பழையபடியே வைத்திருக்கும் சில கைப்பேசிச் செயலிகள் இங்கே நம்மை வேறு விண்மீனிடம் கொண்டுபோய் விட்டுவிடுகின்றன. ஹொரைசன்ஸ் அட்டவணையை விண்மீன் வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்துக்கொண்டு தேடினால் அந்தச் சிக்கல் எழுவதில்லை.

பக்கங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. சுற்றுப்பாதையைக் குறிக்கும் a, e, i, q போன்ற குறியீடுகளின் பொருளை முன்பே அறிந்திருந்தால் வேலை எளிது. வானியலுக்கு முற்றிலும் புதியவருக்கு இதை முதல் வாசலாகப் பரிந்துரைக்க மாட்டேன். ஓரளவு பழகியவரும், சிறுகோள்களைப் பற்றி எழுதுபவரும், எங்கோ படித்த எண்ணை எடுத்தாள்வதற்கு முன் இந்தப் பக்கத்தைத் திறந்து, பிழை வரம்பு நெடுவரிசையிலிருந்து படிக்கத் தொடங்கலாம்.