மலைப்பள்ளிக்குத் திறன்பலகையா, கைக்கணினியா?

ஏற்காட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளில் மலையாளி எனப்படும், தமிழ் பேசும் மலைவாழ் பழங்குடியின் குழந்தைகளும் காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள். வீட்டுப் பேச்சும் பாடநூல் தமிழும் அவர்களில் பலருக்கு ஒன்றல்ல.

வகுப்பு முழுவதும் பார்க்கும் திறன்பலகையின் (ஸ்மார்ட் போர்டு) வலிமை கூட்டுக் கவனம். காப்பிப் பூவின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, அதை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று ஆசிரியர் கேட்டால், வாய் திறவாத குழந்தையும் பேசத் தொடங்கும். காணொளியில் தமிழ் எழுத்துவரி இருந்தால் செவித்திறன் குறைந்த மாணவரும் பாடத்தைத் தொடர முடியும். ஆயினும் அனைவருக்கும் ஒரே வேகம் என்பதே அதன் எல்லை.

கைக்கணினி (டேப்லெட்) அந்த எல்லையைத் தாண்டுகிறது. பார்வைக் குறைபாடுள்ள சிறுமி எழுத்தைத் தன் தேவைக்கேற்பப் பெரிதாக்கலாம்; ஆண்ட்ராய்டின் டாக்பேக் வசதி திரையில் உள்ளதைத் தமிழிலேயே வாசித்துக் காட்டும்; வாசிக்கத் தடுமாறும் சிறுவன் ஒரே பத்தியை, பிறர் பார்வைக்குக் கூசாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். அந்தக் கூச்சம்தான் பல குழந்தைகளைக் கடைசி வரிசைக்குத் தள்ளுகிறது என்பதால், இதை நான் சிறிய நன்மையாகக் கருதவில்லை. பாடங்களை முன்கூட்டியே பதிவிறக்கி, கருவியை மின்னேற்றி வைத்தால், மின்சாரமும் இணையமும் இல்லாத வேளையிலும் வகுப்பு நடக்கும். பராமரிப்பு கூடுதல் வேலைதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மாற்றுத்திறனாளி மாணவர் ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற வசதியைக் கேட்கிறது. எனவே ஒன்றுக்கு மட்டுமே பணம் இருக்குமானால், பகிர்ந்து பயன்படுத்த நான்கைந்து கைக்கணினிகளையே முதலில் வாங்கச் சொல்வேன்.