வறண்ட சருமத்துக்கு என்று சொல்லி விற்ற டின்டட் பிரைமர்: நாகர்கோவிலில் வாங்குவோர் கவனத்துக்கு

ஈரப்பதம் தரும், லேசான நிறமும் கொடுக்கும், வறண்ட சருமத்துக்கென்றே செய்தது என்று சொல்லி நாகர்கோவிலில் ஓர் அழகுசாதனக் கடையில் எனக்கு ஒரு டின்டட் பிரைமரை, அதாவது ஒப்பனைக்கு அடித்தளமாக முகத்தில் பூசும் நிறம் கலந்த பூச்சை, விற்றார்கள். அது என் முகத்தை எரியவைத்தது. பெட்டியில் அச்சிட்டிருந்த விலையையும் உட்பொருள் பட்டியலையும் ஒரு ஸ்டிக்கர் மறைத்திருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது என் தோலையே குறை சொல்லி அனுப்பினார்கள். கல்யாண மாதங்களில் இதே பெட்டி இன்னும் எத்தனையோ பெண்களின் கைக்குப் போகும் என்பதால் எழுதுகிறேன்.

என் வீடு ஆரல்வாய்மொழிப் பக்கம். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று எங்கள் முகத்தின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். மூக்கோரமும் தாடையும் செதில் செதிலாக உரியும். அந்த நேரத்தில்தான் மார்த்தாண்டத்தில் என் அண்ணன் மகள் கல்யாணம் வந்தது. கனமான ஃபவுண்டேஷன் என் முகத்தில் திட்டுத் திட்டாக நிற்கும். அதற்குப் பதிலாக ஈரமும் நிறமும் ஒரே பூச்சில் கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

என் சருமம் எப்படிப்பட்டது என்பதைக் கடையில் முதலிலேயே சொன்னேன். "உங்களைப் போன்றவர்களுக்காகவே வந்திருக்கிறது அக்கா" என்று விற்பனைப் பெண் டெஸ்டர் குழாயிலிருந்து எடுத்து என் புறங்கையில் தடவினார். கை பட்டுப்போல ஆனது. இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் வாங்கிவிடுகிறார்கள். பிரைமர்களில் டைமெத்திகோன் போன்ற சிலிக்கோன்கள் இருக்கும். தோலின் நுண்ணிய பள்ளங்களை நிரப்பி மேலே ஒரு மெல்லிய படலமாக அவை படியும். எந்தக் கையில் தடவினாலும் உடனே வழவழப்பாகத்தான் இருக்கும். தோலுக்குள் ஈரம் சேர்ந்ததா என்பதை அந்த வழவழப்பு சொல்லாது. மேலும் புறங்கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. கடைக்குள் எரிந்ததோ மஞ்சள் விளக்கு.

கல்யாணத்துக்கு முன்பே வீட்டில் போட்டுப் பார்த்தேன். மாய்ஸ்சரைசர் தடவி, அது ஊறியபின் பிரைமரைப் பூசினேன். சற்று நேரத்திலேயே கன்னம் இழுத்துப் பிடித்தது. நிறம் முழுவதும் உரிந்த செதில்களில் போய் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் இருந்த வறட்சியைப் பளிச்சென்று காட்டியது. பகல் வெளிச்சத்தில் முகம் செங்கல் நிறமாகத் தெரிந்தது. விரலால் தொட்டால் பூச்சு சுருண்டு உதிர்ந்தது. மறுநாள் தாடையில் சிவப்புத் தடிப்பும் எரிச்சலும். தோல் மருத்துவரிடம் போக வேண்டியதாயிற்று. ஒவ்வாமை என்று சொல்லி எல்லாப் பூச்சையும் நிறுத்தச் சொன்னார். கல்யாணத்தில் வெறும் முகத்தோடு, தாடையில் மருந்தோடு நின்றேன்.

அதன் பிறகுதான் ஸ்டிக்கரை உரித்தேன். மேலே ஒட்டியிருந்த விலை 890 ரூபாய். அடியில் நிறுவனம் அச்சிட்ட விலை 540. அதைவிட எனக்குக் கோபம் தந்தது, அந்த ஸ்டிக்கருக்கு அடியிலேயே கிடந்த உட்பொருள் பட்டியல். தண்ணீர், ஒரு சிலிக்கோன், மூன்றாவது இடத்தில் 'ஆல்கஹால் டினேட்', அதாவது குடிக்க முடியாதபடி மாற்றப்பட்ட ஆல்கஹால். ஈரம் பிடித்துவைக்கும் கிளிசரின் வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில், கடைசி வரியில். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்கு வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஆகவே மூன்றாவது இடம் என்றால் அது கொஞ்சநஞ்சம் அல்ல. டினேட் வகை ஆல்கஹால் வேகமாக ஆவியாகும். வறண்ட சருமத்தை மேலும் உலர்த்தும். சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரைல் ஆல்கஹால் என்று கண்டால் பயப்பட வேண்டாம். அவை கொழுப்பு வகை, தோலை மிருதுவாக்குபவை.

கடைக்குத் திரும்பப் போனேன். திறந்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார் உரிமையாளர். பில் கேட்டேன், முதல் நாள் தந்த துண்டுச் சீட்டே போதும் என்றார். "மற்ற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, உங்கள் தோலில்தான் ஏதோ கோளாறு" என்று நான்கு பேர் முன்னால் சொன்னார். அதோடு விடவில்லை. தடிப்பு ஆறிவிடும், முகமும் வெளுக்கும் என்று ஒரு டப்பாவை நீட்டினார். அதில் தயாரித்தவர் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை, உரிம எண்ணும் இல்லை.

எரிந்துகொண்டிருக்கும் முகத்தில் பூசச் சொல்லி அதைக் கொடுத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. 2023இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், முகம் வெளுக்கும் கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது செய்தியானது. பாதரசம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே விற்பது இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும்? முகவரி இல்லாத டப்பா எதையும், யார் கொடுத்தாலும், வாங்காதீர்கள். இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும்.

கடைக்காரர் சொன்னது சட்டத்துக்கு முன் நிற்காது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் வரை கேட்க உரிமை உண்டு. அச்சிட்ட விலைக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டி விலையை ஏற்றுவது தனிக் குற்றம். அதைத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் சொல்லலாம். பொருளின் தரம் பற்றிய புகாருக்கு மருந்து ஆய்வாளர் இருக்கிறார். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குப் பதியக் கட்டணம் கிடையாது.

நான் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். பில் இல்லாவிட்டாலும் கைப்பேசி வழியாகப் பணம் செலுத்திய பதிவு இருக்கிறது, மருத்துவரின் சீட்டு இருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

புதிதாக எதை வாங்கினாலும் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறமோ சிறிது தடவி, இரண்டு நாள் பார்த்த பிறகு முகத்துக்குக் கொண்டுபோங்கள். நிறத்தைத் தாடையோரம் தடவி, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இதே போல் விலை ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால், உரிப்பதற்கு முன் ஒரு படமும் உரித்த பின் ஒரு படமும் எடுத்து வையுங்கள். குழாயைக் குப்பையில் போடாதீர்கள். பரிசோதனைக்கு அனுப்ப அது வேண்டும்.