பான்ஷீ 350: பைப் வாங்கும் முன் ஒரு பல்லைக் குறையுங்கள்

நண்பர் ஒருவர் பழைய யமஹா பான்ஷீ (மணலிலும் மண்ணிலும் ஓட்டும் நாலு சக்கர டூ ஸ்ட்ரோக் வண்டி) ஒன்றைப் பார்த்துவைத்துவிட்டுக் கேட்கிறார்: "மணல்மேட்டுக்கு இல்ல, காட்டுப் பாதைக்குத்தான். கீழ புல்லிங்கே இல்லைங்கிறாங்களே, ஏதாவது பண்ண முடியுமா?"

"இல்லைங்கிறாங்க" எல்லாம் கிடையாது, ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது இழுவை நிஜமாகவே இல்லை. கல்லும் வேருமாக இருக்கும் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் கட்டைவிரலால் த்ராட்டிலை அழுத்தினால் வண்டி முனகும். 6,000 ஆர்பிஎம் வரும்வரை முனகிக்கொண்டே இருக்கும். அதைத் தாண்டினால் முன்சக்கரம் இரண்டும் மேலே. நடுவில் ஒன்றும் கிடையாது. நெடுநாள் வைத்திருப்பவர்களுக்கு இந்த வண்டியோடு உள்ள ஒரே சண்டை இதுதான், மற்றதெல்லாம் பழகிவிடும்.

இதில் எஞ்சினைக் குறை சொல்வது பாதிதான் நியாயம். இந்த எஞ்சின் ஆர்இசட் 350 பைக்கின் வழி வந்தது. அந்த பைக்கில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் (எரிந்த வாயு வெளியேறும் சிலிண்டர் சுவர்த் துளை) உயரத்தை ஆர்பிஎம்முக்குத் தகுந்தபடி மாற்றும் பவர் வால்வ் இருந்தது. பான்ஷீக்கு எஞ்சினைக் கொடுத்தவர்கள் அந்த வால்வைக் கொடுக்கவில்லை. 1987 முதல் 2006 வரை அமெரிக்காவில் விற்றபோதும் கடைசிவரை கொடுக்கவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சருக்குள் மோதித் திரும்பி வரும் அழுத்த அலைதான் வெளியேறப் பார்க்கும் புதுக் கலவையை உள்ளே தள்ளிவிடுகிறது. ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது அலை சீக்கிரமே வந்து போய்விடுகிறது, போர்ட் அதற்குப் பிறகும் திறந்தே கிடக்கிறது, உள்ளே தள்ளியது மறுபடி வெளியே ஓடிவிடுகிறது. முனகலின் காரணம் இவ்வளவுதான்.

எதையும் வாங்கும் முன், இருக்கிற புல்லிங் முழுதாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். பாதி வண்டிகளில் வராது. கார்புரேட்டர் இரண்டு, இரண்டின் ஸ்லைடும் (காற்றுவழியைத் திறந்து மூடும் துண்டு) ஒரே நேரத்தில் எழ வேண்டும். ஏர் ஃபில்டர் பக்க ரப்பரைக் கழற்றி, ஒரே அளவு ட்ரில் பிட் இரண்டை எடுத்து, இரண்டு ஸ்லைடுக்கும் அடியில் ஒவ்வொன்றாக நிறுத்தி, த்ராட்டிலை மெல்ல அழுத்துங்கள். இரண்டும் ஒன்றாகத் தொப்பென்று விழ வேண்டும். ஒன்று முந்தினால் மேலே உள்ள கேபிள் அட்ஜஸ்டரில் சரிசெய்யலாம். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஜெட் (பெட்ரோல் அளவை நிர்ணயிக்கும் துளைத்திருகு) மேல் ஜெட்டாக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

அடுத்த சந்தேகம் டார்ஸ். கார்புரேட்டர் தலையில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பெட்டிகள்தான் அது. ஸ்லைடு சிக்கிக்கொண்டால் தீப்பொறியைத் தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு. கேபிளின் தளர்வு கொஞ்சம் பிசகினாலும் சும்மாவே தடுக்கும், கால் த்ராட்டிலில் படபடவென்று அடிக்கும். பார்க்கிங் பிரேக் சுவிட்ச் சிக்கிக்கொண்டாலும் ரெவ் ஏறாது. டார்ஸைக் கழற்றிவிடுபவர்கள் கையில் கயிறு கட்டும் கில் சுவிட்ச் போடாமல் கழற்றக் கூடாது.

கார்புரேட்டரையும் சிலிண்டர் பிளாக்கையும் இணைக்கும் ரப்பர் வெடித்திருந்தாலோ, கிராங்கின் ஆயில் சீல் காய்ந்திருந்தாலோ காற்று இழுக்கும். ஐடிலில் ரெவ் இறங்காமல் தொங்கினால் இதுதான். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றினால் 6 நிமிடம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி வருகிறது என்று பாருங்கள். இதை விட்டுவிட்டு இக்னிஷனை அட்வான்ஸ் செய்தால் (தீப்பொறியை முன்னதாக விழவைத்தால்) பிஸ்டனில் ஓட்டைதான்.

இனி அந்த ஒரு பல். செயின் ஓடும் ஸ்பிராக்கெட்டில் கம்பெனி கொடுத்த பற்கள் முன்னே 14, பின்னே 41. முன்னே 13 போட்டால் விகிதம் 2.93-லிருந்து 3.15-க்குப் போகிறது, சக்கரத்தில் எல்லா கியரிலும் ஏறக்குறைய 7.7 சதவீதம் கூடுதல் இழுவை. உச்ச வேகம் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். காட்டுப் பாதையில் அதைத் தேடப் போவது யார்? பின்னே பெரிய ஸ்பிராக்கெட் போட்டு இதே பலனை எடுக்க 44 பல் வேண்டும், அது தரையை நெருங்கிக் கல்லில் இடிக்கும். அதனால் முன்னேதான் மாற்ற வேண்டும். லாக் வாஷரின் மடிப்பைத் தட்டி நிமிர்த்தி, நட்டைக் கழற்றி, புது ஸ்பிராக்கெட்டை ஏற்றி, புது வாஷரை மடித்துவிட வேண்டும். பழைய வாஷரை இரண்டாம் முறை மடித்தால் உடையும். பிறகு செயின் தொய்வைப் பார்க்க வேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்து, முன் ஸ்பிராக்கெட்டும் ஸ்விங் ஆர்ம் அச்சும் பின் ஆக்சிலும் ஒரே கோட்டில் வரும் இடத்தில்தான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். அங்கேயும் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். ஒரு தீமையும் உண்டு. சின்ன ஸ்பிராக்கெட்டில் செயின் தாழ்ந்து ஓடுவதால் ஸ்விங் ஆர்ம் மேலுள்ள ரப்பர் சீக்கிரம் தேயும். அவ்வப்போது குனிந்து பாருங்கள். மற்றபடி இந்த வண்டிக்குச் செலவழித்த காசில் முழுதாகத் திரும்பி வந்தது இது ஒன்றுதான்.

கலவை உள்ளே போகும் வழியில் இருக்கும் ரீட் வால்வ் இதழ்களை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஓரத்தில் ஒளிக்கீற்று தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். மெல்லிய இதழ் மேலும் தடித்த இதழ் கீழுமாக வரும் இரட்டை அடுக்கு ஃபைபர் ரீட், கீழே லேசாகத் திறப்பதால் த்ராட்டிலுக்கு உடனே பதில் சொல்லும். வித்தியாசம் தெரியும், ஆனால் துள்ளிக் குதிக்கிற அளவுக்கு இல்லை.

எஞ்சினுக்குள் நிஜமான ஆதாயம் ஹெட்டில் இருக்கிறது. கம்பெனி கம்ப்ரஷன் மிகவும் தாராளமாகத் தளர்த்திவிடப்பட்டது. மாற்று டோம் (எரிப்பறையின் கூரை) உள்ள ஹெட் போட்டு கேஜில் 150 பிஎஸ்ஐ சுமாருக்குக் கொண்டுவந்தால், அமெரிக்க பங்க்குகளின் 91 ஆக்டேனே போதும், கீழ்முனை உயிர்பெறும். ஆனால் ஸ்க்விஷ் இடைவெளியை (பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி) அளக்காமல் எந்த ஹெட்டையும் இறுக்க வேண்டாம். 2 மி.மீ. ஈயக்கம்பியை வளைத்து பிளக் ஓட்டை வழியே, பிஸ்டனைக் கோர்த்திருக்கும் இரும்பு ஊசியின் (பிஸ்டன் பின்) நுனிக்கு நேர் மேலே, சிலிண்டர் சுவரைத் தொடும்படி விட்டு, கையால் கிராங்கை ஒரு சுற்று சுற்றுங்கள். நசுங்கிய நுனியை கேலிப்பரில் அளந்தால் 1.0 முதல் 1.2 மி.மீ. வர வேண்டும். இரு பக்கமும், இரு சிலிண்டரிலும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு இக்னிஷனை அட்வான்ஸ் செய்ய மாற்று ஸ்டேட்டர் பிளேட் வைத்து, அதை ரோட்டர் சுழலும் திசைக்கு எதிராக 4 டிகிரி நகர்த்தலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். டொக் டொக் என்று தட்டினால் எதனால் என்று தெரியாமல் போகும்.

பைப், அதாவது எக்ஸாஸ்ட் குழாய், கடைசியில். கீழ்-நடு ஆர்பிஎம்முக்கு என்றே செய்தவை உண்டு, எஃப்எம்எஃப் ஃபேட்டி அப்படி ஒன்று. மணல்மேட்டுப் பந்தயத்துக்கான பைப்பைக் காட்டுப் பாதைக்குப் போட்டால் முனகல் இன்னும் நீளும். பைப் மாற்றினால் கம்பெனி 200 மெயின் ஜெட் போதாது. 280 போல தாராளமாக ஆரம்பித்து, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து இறக்குங்கள்; பைலட் ஜெட் 25-லிருந்து 27.5. கார்புரேட்டரை மட்டும் பெரிதாக்காதீர்கள். 26 மி.மீ. வாயில் காற்று வேகமாக ஓடுவதால்தான் கீழே கொஞ்சமாவது கலவை சரியாக வருகிறது. 34 மி.மீ. மேலே பாடும், கீழே இருமும்.

கோபம் வருகிற இடம் போர்ட்டிங், அதாவது போர்ட்டுகளைத் தேய்த்து வடிவம் மாற்றும் வேலை. "அடி புல்லிங் வேணும்" என்று தெளிவாகச் சொல்லி பிளாக்கைக் கொடுத்தாலும், எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பைத் தேய்த்து உயர்த்தித் திருப்பித் தருகிற பட்டறைகள் இருக்கின்றன. கிரைண்டரைப் பிடித்தால் அவர்களுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். விளிம்பு உயர்ந்தால் போர்ட் முன்னதாகத் திறக்கும், எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளி முடிக்கும் முன்பே வெளியே போய்விடும், கீழ்முனை செத்துப்போகும். தேய்த்ததைத் திருப்பி ஒட்ட முடியாது. பிளாக்கின் அடியில் இருக்கும் பேஸ் பேக்கிங்கை மெல்லியதாக்கி பிளாக்கைக் கொஞ்சம் இறக்கி, அதற்கேற்ப டோமையும் லேத்தில் வெட்டி ஓரளவு ஒப்பேற்றலாம். ஒப்பேற்றியது ஒப்பேற்றியதுதான்.

ஆகவே நண்பருக்கு: காட்டுப் பாதைக்குத்தான் என்றால் வாங்காதீர்கள். ஹோண்டாவின் 400இஎக்ஸ் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்று, ஹெட்டும் வேண்டாம், ஜெட்டும் வேண்டாம், ஐடிலிலிருந்தே இழுத்துக்கொண்டு போகும். இவ்வளவு எழுதியதே அதைச் சொல்லத்தான்.

இருந்தாலும் விற்பவரிடம் சைலன்சரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பில் கிரைண்டர் தடமே இல்லாமல், கம்பெனி வார்ப்பு அப்படியே இருந்தால் பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் 13 பல் ஸ்பிராக்கெட் ஒன்றும் லாக் வாஷர் இரண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் திரும்பிவிடுங்கள்.