ஏலக்கார அண்ணனுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டதா?

மேடையில் தனியாளாக நின்று சிரிக்க வைக்கிற ஸ்டாண்டப் காமெடியில் 'ஏலக்கார அண்ணன்' என்று ஒரு வேஷம். 2018இல் அதை முதல் தடவை பார்த்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு காபிக் கடை மாடி, நாற்பது நாற்காலி, டிக்கெட் 300 ரூபாய். லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு ஒருவர் வந்தார். காசிமேட்டு மீன் ஏலக்காரராம். மேடையில் இருந்த ஸ்டூல், தண்ணி பாட்டில், முன்வரிசையில் கல்யாணத்துக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த ஒரு பையன் என்று அகப்பட்டதையெல்லாம் ஏலம் விட்டார். நான் ராயபுரத்துக்காரன். அம்மா இருபத்தைந்து வருஷமாகக் காசிமேட்டில் ஏலம் எடுத்து, தெருத்தெருவாகக் கூடை வியாபாரம் செய்கிறவர். எங்கள் வீட்டை மேடையில் பார்த்த மாதிரி இருந்தது. ராத்திரி பஸ் கிடைக்காமல் ஆட்டோவுக்கு டிக்கெட்டைவிட அதிகம் அழுதேன், அதுகூட உறைக்கவில்லை.

மற்ற ஸ்டாண்டப்காரர்கள் தங்கள் கதையைச் சொல்வார்கள். கதை மாறினால் ஆளும் மாறின மாதிரி இருக்கும். இவருக்கு ஒரே வேஷம்தான். அது எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் என் கேள்வி.

2020இல் ஊரடங்கில் அவருடைய வீடியோக்களைப் போனில் போட்டுத் தேய்த்தேன். முதலில் செத்தது அந்த மெட்ராஸ் பாஷை. கஸ்மாலம், பேமானி, நைனா என்று வாக்கியத்துக்கு ஒன்று. முதல் நாள் இதற்குத்தான் கூரை இடிகிற மாதிரி சிரிப்பு. நாலாவது தடவை கேட்கும்போது எரிச்சலாக இருந்தது. எங்கள் தெருவில் இப்போது யாரும் கஸ்மாலம் என்று திட்டுவதில்லை. அது பழைய சினிமாவில் கேட்டு எடுத்த பாஷை. அவர் வெளியூர்க்காரர் என்பது குற்றமில்லை. மெட்ராஸ் பாஷையைத் திரையில் பேசிக் கலக்கிய சந்திரபாபு பிறந்ததே தூத்துக்குடியில்தான். ஆனால் பாஷையை மட்டும் நம்பினால் அது ஊறுகாயையே சாப்பாடாகத் தின்பது மாதிரி.

அப்புறம் தகவல் பிழை. ஒரு வீடியோவில் மே மாதம் காசிமேட்டில் கூடை கூடையாக வஞ்சிரம் வந்து இறங்குகிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "மே மாசத்துல ஏதுடா அவ்ளோ வஞ்சிரம்? போட்டே போகாதே" என்றார். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் படகில் கிடைப்பதுதான். சின்ன விஷயம்தான். ஆனால் அந்தக் கணத்தில் வேஷம் கலைந்து, லுங்கி கட்டிய ஒரு நடிகர் மட்டும் தெரிந்தார். நடுவில் இரண்டு வருஷம் நான் அவரைப் பார்க்கவே இல்லை.

திரும்பப் பார்க்க வைத்தவர் ஓர் ஆஸ்திரேலியர். பேரி ஹம்ஃப்ரீஸ் என்ற நடிகர் 1955இல் மெல்போர்னில் எட்னா என்ற குடும்பத் தலைவி வேஷத்தைப் போட ஆரம்பித்தார். 2023இல் இறக்கும்வரை அந்தப் பெயரை மக்கள் மறக்கவில்லை. வீடியோக்களைத் தேடிப் பார்த்தேன். புறநகரில் வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அம்மாள், போகப் போகத் தன்னை உலக மகா நட்சத்திரமாக நினைக்க ஆரம்பித்துவிடுகிறார். கண்ணாடி பெரிதாகிறது, வாயும் பெரிதாகிறது. ஆனால் முன்வரிசைப் பெண்களிடம் "உங்கள் வீடு எப்படி இருக்கும்?" என்று துருவுகிற அந்தப் பழைய புத்தி போகவில்லை. தினம் வேறு வீடு, வேறு பதில். நம்ம தெருக்கூத்தில் கதையை நடத்திக் கேலி பேசுகிற கட்டியங்காரனும் அந்தந்த ஊர்ச் சங்கதியை இழுத்துத்தானே விடிய விடிய ஓட்டுகிறான்.

இந்தக் கண்ணோடு நம் ஏலக்காரரின் பழைய வீடியோக்களை மறுபடி போட்டேன். ஒரு இடம் மட்டும் இருபதாவது தடவையும் சிரிப்பை வரவழைத்தது. பார்வையாளர் ஒருவர் கை குலுக்க வருவார். இவர் கையை லுங்கியில் துடைப்பார், மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார், இன்னொரு தடவை துடைப்பார், கடைசியில் கும்பிடு போட்டுவிடுவார். ஒரு வார்த்தை கிடையாது. கவுச்சி வாசனையோடு பஸ்ஸில் ஏறி ஓரமாக நின்ற யாருக்கும் இது புரியும். பன்ச் வசனம் ஒவ்வொன்றும் பழசாகிவிட்டது. இந்தக் கூச்சம் பழசாகவில்லை.

போன வருஷம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். இப்போது மெட்ரோ இருக்கிறது, தண்டையார்பேட்டையில் ஏறினால் தேனாம்பேட்டை. கஸ்மாலம் குறைந்திருந்தது, நல்லது. ஏலக்காரருக்கு வயசும் ஏறியிருந்தது. மகள் ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற ஓ.எம்.ஆரில் வேலைக்குப் போகிறாள், வாட்ஸாப்பில் வஞ்சிரம் விலை கேட்கிற கஸ்டமர்களிடம் இவர் மாட்டிக்கொண்டு முழிக்கிறார். அரை மணி நேரம் பிரமாதம். பிற்பாதியில் ஸ்டூலை மறுபடி ஏலம் விட்டார், நான் போனை நோண்ட ஆரம்பித்தேன். ஆறு வருஷமாக அதே ஸ்டூல்!

புதிதாகப் பார்ப்பவர்கள் தாராளமாகப் போகலாம். என்னைப் போல ஏற்கெனவே பார்த்தவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை போனால் போதும், யூடியூபில் திரும்பத் திரும்பப் போட்டுக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அம்மா சிரித்தது ஒரே ஓர் இடத்தில். "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணிவிட்டு, மூணு சொல்லாமல் கூட்டத்தில் ஒரு அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் நின்றபோது. மற்றவர்கள் அமைதியாக இருக்க, அம்மா மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். திரும்பி வரும்போது மெட்ரோவில் கேட்டேன், எப்படிம்மா இருந்தது?

"நல்லாத்தான் பண்றான். சும்மாடு இல்லாம கூடையத் தலையில வெக்கிறான் பாரு, கழுத்து சுளுக்கிக்கும்னு சொல்லுடா அவன்கிட்ட."