முன்பே எழுதிய அட்டவணையா, களத்தில் குரல் கட்டளையா?

ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற ஆன்லைன் விளையாட்டின் சாவேஜ் ரெய்டில் (பாஸ் எனும் பெரிய எதிரியைக் குழுவாக வீழ்த்தும் கடினமான சண்டை) எட்டுப் பேர்: அடியைத் தாங்கும் 2 டேங்க், குணப்படுத்தும் 2 ஹீலர், தாக்கும் 4 டிபிஎஸ். பாஸின் தாக்குதல் வரிசை பெரும்பாலும் மாறாது. அதனால் பாஸின் அடியைக் குறைக்கும் திறன்களை யார், எப்போது போடுவது என்பதில் அட்டவணைக்கே என் ஓட்டு.

பெரிய அடிகள் விழும் நேரத்தைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரை எழுதுங்கள். இத்திறன்களில் டேங்க் போடும் ரிப்ரைசல் 60 வினாடிக்கு ஒருமுறை, சில டிபிஎஸ் போடும் ஃபெயின்ட் 90 வினாடிக்கு ஒருமுறை கிடைக்கும். இரண்டு டேங்கும் ஒரே அடிக்கு ரிப்ரைசல் போட்டால் பலன் இரட்டிப்பாகாது, ஒன்று வீண். அடுத்த அடி வரும்போது இருவர் கையும் காலி. "யாராவது போடுங்க" என்ற குரல் கட்டளையில் நடப்பது பெரும்பாலும் இதுதான். இல்லாவிட்டால் ஒருவருமே போடமாட்டார்கள்.

அட்டவணையின் ஓட்டை, ஆள் சாகும்போது தெரியும். பெயருக்குரியவர் தரையில் கிடந்தால் அந்த வரியை யார் எடுப்பது? அங்கே குரல்தான் காப்பாற்றும். ஆனால் பேசுவது ஒருவராக இருக்கட்டும், பெயர், திறன், நேரம் மூன்றையும் சொல்லட்டும்: "டேங்க் 2, ரிப்ரைசல், இப்போ." பாஸின் காஸ்ட் பட்டை (தாக்குதல் தயாராவதைக் காட்டும் பட்டை) பாதியைத் தாண்டும்போது சொன்னால் சரியாக இருக்கும். பட்டை முடிந்தபின் போட்டால் பயனில்லை.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டின் மிதிக் (மிகக் கடினமான) ரெய்டில் 20 பேர். எல்லோரும் ஒரே சேனலில் கத்தினால் தலைவர் குரலே கேட்காது. அங்கே மாற்று ஆளின் பெயரையும் அட்டவணையிலேயே எழுதிவிடுவது நல்லது.

பாஸை முதன்முதலாகப் பார்க்கும் இரவில் மட்டும் அட்டவணை வேண்டாம். எது எப்போது வரும் என்றே தெரியாதபோது எதை எழுதுவது?